கோபுரத்துத் திறப்பு

மின்னல் எங்கே விழும் என்று ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஜெசிதா ரீச்சர் அன்று காலையில்தான் படிப்பித்திருந்தாள். முகிலுக்குள்ளே ஆலங்கட்டியும் பனித்துகளும் மேலும் கீழுமாய் ஓடி ஒன்றோடொன்று உரசும். உரசினால் மின்னேற்றம் பிரியும். இலேசானது நேர் ஏற்றத்தோடு மேலே போகும், பாரமானது மறை ஏற்றத்தோடு அடியில் தங்கும். அடியில் அது சேரச் சேர, கீழே நிலத்தில் நேர் ஏற்றம் வந்து குவியும். பிறகு முகிலிலிருந்து ஒரு கீற்று படிபடியாய் இறங்கும். அது கிட்ட வரும்போது நிலத்தில் உயர்ந்து நிற்கிற ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இழை எழும்பும். பனையிலிருந்து எழும்பும், கோபுரத்திலிருந்து எழும்பும், வெளியில் தனியே நிற்கிற மனிசனின் தலையிலிருந்தும் எழும்பும். எந்த இழை முந்திப் போய்த் தொடுகிறதோ அதற்குத்தான் அடி.

"மேலை இருந்து மட்டும் வாறதில்லைப் பிள்ளையள். கீழை இருந்தும் ஒரு கை நீளும்," என்றாள். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஆளுக்காள் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள்.

படித்ததைப் படிப்பிப்பது இலேசு. படித்ததை வைத்துக்கொண்டு ஒரு ஊரில் குடியிருப்பதுதான் பெரும்பாடு.

அவளுடைய ஊர் கொழும்புத்துறைக்கு அங்காலே, கடலைப் பார்த்துக் குந்தியிருக்கிற ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு. கடல் என்றால் ஆழக்கடல் இல்லை, இடுப்பளவு தண்ணீர்தான். ஆண்கள் அதற்குள் இறங்கி நடந்துபோய், கம்பு ஊன்றிக் கட்டின சிறகுவலையில் இறாலும் மீனும் எடுப்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப்பிள்ளைகள் சேர்ந்து கோயிலுக்குப் புதிதாக ஒரு மணிக்கோபுரம் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கரையில் அதைவிட உயரமாய் ஒரு பனைகூட இல்லை. கட்டிய எஞ்சினியர் விஷயம் தெரிந்த மனிதர். உச்சியில் கூரான செப்புக்கம்பி வைத்து, அதிலிருந்து கோபுரத்தின் முன்சுவரோடு ஒரு செப்புப் பட்டியை இறக்கி, நிலத்துக்குள் ஆழமாய்ப் புதைத்த கம்பிகளோடு பொருத்திவிட்டுப் போனார். மின்னல் வந்தால் உச்சியில் பிடிபட்டு, பட்டி வழியே இறங்கி, மண்ணுக்குள் போய்விடும். உள்ளே மணி அடிக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது.

இதெல்லாம் செபமாலை மாதம் வரும்வரைக்கும்தான். அந்த ஐப்பசிக்கென்று கோபுரத்தின் அடியிலேயே மாதாவுக்கு ஒரு கெபி கட்டினார்கள். கல்லுக்குகை கட்டி, சுருபத்தை வைத்து, பூப்போட்டு, சனம் முழந்தாளில் நின்று நிமிர்ந்து பார்த்தால், உப்புக்காற்றில் பச்சை பிடித்த அந்தப் பட்டி நேரே மாதாவின் தலைக்கு மேலே தொங்குகிறது. பாம்பின் தலையை மிதித்தவளுடைய தலையிலேயே ஒரு பச்சைப் பாம்பு இறங்குகிற மாதிரி. பார்த்தவர்கள் நெஞ்சில் குருசு போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழமை ஊரில் வேறு கதை இல்லை. கோயில் சபைத் தலைவர் கிறிஸ்துநாயகம் மேசனைக் கூப்பிட்டு, கெபிக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் பட்டியை வெட்டி, கீழ்த்துண்டைக் கழற்றி எடுப்பித்துவிட்டார். மேல்துண்டு அந்தரத்தில் அப்படியே நின்றது.

ஜெசிதா அன்றைக்கே அவரிடம் போனாள்.

"மாமா, உதை வெட்டினது பிழை. மேலை பிடிபடுகிற மின்னலுக்கு இப்ப இறங்கிப் போக வழி இல்லை."

"மேலை கம்பி நிக்குதுதானே ரீச்சர். இடியைப் பிடிக்கிறது அதுதானே? கீழை கிடந்தது சும்மா வால்."

"வால் இல்லை மாமா, வாய்க்கால். கோப்பாயிலை தோட்டத்துக்கு இறைக்கேக்கை வாய்க்காலை நடுவிலை அடைச்சுப்போட்டு மிசினை ஓட விட்டால் என்ன நடக்கும்? வரம்பை உடைச்சுக்கொண்டு பாயும். உது மணிச் சங்கிலியிலை பாயும். அந்தச் சங்கிலியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது எங்கடை அப்பா."

கிறிஸ்துநாயகம் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு, "மாதம் முடியட்டும் பிள்ளை, பின்பக்கத்தாலை புதுசா இறக்குவம். செபமாலை மாதத்திலை மாதாவின்ரை காலடியிலை இடி விழுமோ?" என்றார். பங்குச் சுவாமியிடமும் போனாள். இரண்டு பங்கை ஒரு மோட்டார் சைக்கிளில் கட்டி இழுக்கிற மனிதர், "சபையோடை கதைக்கிறன் ரீச்சர்" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே செவிடன் ஒருவனும் இல்லை, எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. அதனால்தான் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அவளுடைய தகப்பன் சந்தியோகுதான் கோயிலுக்கு மணியடிக்கிறவர். பூசைக்கு அடிப்பார், திருமணத்துக்கு அடிப்பார், செத்தவீட்டுக்கு ஒவ்வொன்றாய் இழுத்து விட்டு விட்டு அடிப்பார். இவை எல்லாவற்றையும்விட ஊர் காதுகொடுத்துக் கேட்கிற மணி ஒன்று உண்டு. அதற்குக் காத்துமணி என்று பெயர். இடிமுழக்கம் முதன்முதல் காதில் விழுந்தவுடன் சந்தியோகு கோபுரத்துக்குள் ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்து மூச்சுவிடாமல் அடிப்பார். கடலில் நிற்கிற கடைசி ஆள் கரையேறும்வரை நிறுத்தமாட்டார். தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் ஃபோனைக் கொண்டுபோவதில்லை. அவர்களுக்கு மணிதான் எல்லாம்.

அந்தக் காத்துமணிக்கு ஒரு சட்டமும் இருந்தது. மணிக்கு முந்திக் கரையேறுகிறவனை ஊர் சும்மா விடாது. ஜெசிதாவின் தம்பி பிரகாஸ் இளந்தாரியாக இருந்தபோது ஒருநாள் முகிலைக் கண்டு பயந்து, மணி அடிக்கமுதல் வலையை விட்டுவிட்டு ஓடி வந்தான். அன்றைக்கு மழையும் இல்லை, முழக்கமும் இல்லை. "மணிக்கு முந்தி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் லவீனாவைக் கட்டுகிறபோது, கலியாண வீட்டு ஒலிபெருக்கியில்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்தினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. சபையே சிரித்தது, மாப்பிள்ளையும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் ஒருநாளும் மணிக்கு முந்திக் கரையேறியதில்லை.

தாய் செத்தபோது பிரகாசுக்குப் பால்பல்கூட விழுந்து முடியவில்லை. சோறு தீத்தி, தலை இழுத்து, பள்ளிக்கூடத்துக்குக் கையில் பிடித்துக் கூட்டிப்போனது ஜெசிதாதான். அவள் கலியாணம் கட்டவில்லை. தகப்பனோடு ஒரு வீட்டில் இருந்தாள், அதே வளவில் பக்கத்து வீட்டில் தம்பியும் லவீனாவும். அவளுக்கு இருந்தது இந்த இரண்டு ஆண்களும்தான்.

பட்டியை வெட்டிய பிறகு வந்த முதல் முழக்கத்துக்குச் சந்தியோகு மணியடித்துவிட்டு வந்து, வலது கையைத் தேய்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"சங்கிலி ஒரு மாதிரிக் கிடக்குது பிள்ளை. எறும்பு ஊருறமாதிரி. மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நிண்டுது."

மின்னல் அன்று கோபுரத்தில் விழவில்லை. விழாமலே சங்கிலியில் மின் ஊறியிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஜெசிதாவுக்குத் தெரியும். கோபுரத்திலிருந்து அந்த இழை எழும்பிப் பார்த்திருக்கிறது, தொடுவதற்கு ஒன்றும் கிட்ட வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை வரும். தகப்பனோ, "மாதா கை குடுத்தவ" என்று சொல்லித் தேத்தண்ணி கேட்டார்.

அடுத்த முறை வந்த நாள்தான் இது. பள்ளிக்கூடம் விட்டு அவள் வரும்போதே தென்மராட்சிப் பக்கம் முகில் அடுக்கடுக்காய் எழும்பி நின்றது. அதன் உச்சி தட்டையாய் விரிந்து, கரைக்கு மேலேயும் கடலுக்கு மேலேயும் வந்துவிட்டது. காற்று விழுந்து புழுங்கியது. தகப்பன் சாப்பிட்டுவிட்டு நித்திரை. சுவரில், திருஇருதயப் படத்துக்குக் கீழே, ஆணியில் கோபுரக் கதவுப் பூட்டின் திறப்பு தொங்கியது. அவள் யோசிக்கவில்லை என்று சொல்லமுடியாது. யோசித்தாள். யோசித்துத்தான் திறப்பைக் கழற்றித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் முழக்கத்தோடு சந்தியோகு எழும்பிவிட்டார். ஆணி வெறுமையாய் இருந்தது.

"பிள்ளை, திறப்பைக் கண்டனியோ?"

"என்னட்டை இருக்கு."

"கொண்டா. கிழக்கை முழங்குது."

"தரமாட்டன் அப்பா."

"பகிடி விடாதை. பிரகாஸ் கடலுக்கை நிக்கிறான்."

"தெரியும். அவனுக்குக் கண் இருக்கு, முகிலைக் கண்டால் வருவான். நீங்கள் அந்தச் சங்கிலியைத் தொடக்கூடாது. தொட்டியள் எண்டால் இண்டைக்கு உங்களை நான் உயிரோடை காணமாட்டன்."

"எனக்கு வயசு போட்டுது பிள்ளை. அவன் இனித்தான் சீவிக்கப் போறவன்."

"ஒருத்தரையும் நான் விடமாட்டன்," என்றாள். பள்ளிக்கூடத்தில் கதைக்கிற ரீச்சரின் குரலாய் அது இல்லை.

தகப்பன் ஒருநாளும் அவள்மேல் கை நீட்டாதவர். அன்றைக்கும் நீட்டவில்லை. அவளுடைய மூடிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெசிதா மற்றக் கையால் பிரகாசின் ஃபோனுக்கு அடித்தாள். அது பக்கத்து வீட்டில் அடித்தது. அந்த ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டே லவீனா வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள்.

"மாமா, ஏன் இன்னும் மணி அடிக்கேல்லை?"

லவீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தியோகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோபுரத்தை நோக்கி ஓடினார். ஒலிபெருக்கிப் பெட்டியும் அந்தப் பூட்டுக்குள்ளேதான் இருந்தது. கதவு இரும்புக் கதவு, உடைக்க ஏலாது. அவர் ஒரு கல்லை எடுத்துக் கதவில் அடித்தார். மணி இல்லாவிட்டால் கதவையாவது மணியாக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. டங், டங் என்று அது பக்கத்து வளவுக்குக்கூட ஒழுங்காய்க் கேட்கவில்லை.

ஜெசிதா கரைக்கு ஓடினாள், லவீனா பின்னாலே. கொடியில் காய்ந்த வெள்ளைத் துவாய் ஒன்றை இழுத்துக்கொண்டு போனாள். மணலில் நின்று அதை வீசினாள். கடலில் வலைக்கம்புகளுக்கு நடுவே ஆட்கள் கறுப்பாய்க் குனிந்தும் நிமிர்ந்தும் தெரிந்தார்கள். மழை இன்னும் தென்மராட்சிக் கரையில்தான். இவர்களுக்கு மேலே நின்றது முகிலின் விளிம்பு மட்டும். விளிம்பிலிருந்தும் மின்னல் இறங்கும், மழைக்கு முந்தியே இறங்கும் என்று அவள் படிப்பித்திருக்கிறாள். கோபுரம் தன் காலடியைத்தான் காக்கும், தூரத்தில் நிற்பவனுக்கு அது குடை இல்லை என்றும் படிப்பித்திருக்கிறாள். காலையிலிருந்து அந்தப் பாடத்தில் தகப்பன் நிற்கிற இடம் மட்டும்தான் அவள் மனதில் நின்றது.

"பிரகாஸ்! வாடா!" என்று கத்தினாள். காற்று வார்த்தையைத் திருப்பிக் கொண்டுவந்தது.

ஒருவன் நிமிர்ந்தான். நிற்கிற விதத்திலேயே தம்பி என்று தெரிந்தது. அக்கா கரையில் நின்று துவாய் வீசுவதைக் கண்டு, ஏதோ பகிடிக்கு என்று எண்ணினானோ, அவனும் கையை நன்றாக மேலே தூக்கி ஆட்டினான்.

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. ஜெசிதாவுக்குக் கண் ஒருகணம் தெரியவில்லை. தெரிந்தவுடன் அவள் திரும்பிப் பார்த்தது கோபுரத்தை. குருசு நின்றது, மணி நின்றது, கெபிக்குள் மாதா நின்றா, இரும்புக் கதவடியில் தகப்பன் கல்லும் கையுமாய் நின்றார். அப்பா தப்பிவிட்டார் என்று அவளுக்கு ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். பக்கத்தில் லவீனா வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தபடி மணலில் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஜெசிதா கடலைப் பார்த்தாள்.

பிரகாசோடு வலையடியில் நின்ற சுரேசும் இன்னொருவனும் அவனை வள்ளத்தில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தண்ணீருக்குள் வள்ளம் தள்ளி ஓடுவது இலேசான காரியம் இல்லை, நேரம் போய்விட்டது. பிரகாசின் உடம்பில் காயம் என்று பெரிதாய் ஒன்றும் இல்லை. கழுத்துச் சங்கிலி கிடந்த இடத்தில் மட்டும் கறுத்த கோடு. "தொடாதேங்கோ, கரண்ட் நிக்கும்" என்று யாரோ சொன்னார்கள். நிற்காது. அவளுக்குத் தெரியும். நெஞ்சை அமத்தினால் சிலவேளை உயிர் திரும்பும் என்றும் தெரியும். மணலில் முழந்தாளில் இருந்து, இரண்டு கையையும் சேர்த்து அமத்தினாள். அமத்தி, வாயில் ஊதி, அமத்தி, ஊதி. ஒரு கைக்குள் ஏதோ குத்தியது. திறப்பு. அதைப் பக்கத்தில் மணலில் வைத்துவிட்டுத் திரும்பவும் அமத்தினாள். மழை வந்து விழுந்தது. கடைசியில் சுரேஸ் குனிந்து அவளுடைய கையைப் பிடித்தான்.

"காணும் அக்கா, விடுங்கோ."

அவன் அழுதுகொண்டிருந்தான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்.

"நான் சொன்னனான் போவம் எண்டு. முகில் வெளிக்கிட்டிட்டுதெண்டு சொன்னனான். அவன்தான், மணி இன்னும் அடிக்கேல்லையடா, அப்பா முழிப்பாத்தான் இருப்பார், நேரம் கிடக்கு எண்டவன்."

லவீனா தலையைத் தூக்கி ஜெசிதாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஜெசிதாவின் படிப்பு, பட்டி, வாய்க்கால், எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. அதுதான் அவளுக்கு இனிமேல் ஆறுதலும் இல்லாமல் செய்யப்போவது.

சந்தியோகு மழைக்குள் நடந்து வந்தார். மகனுக்குப் பக்கத்தில் குந்தி, முகத்தில் ஒட்டியிருந்த மணலை விரலால் துடைத்துவிட்டார். நெற்றியில் குருசு போட்டார். அழவில்லை. எழும்பிக் கடலைப் பார்த்தார். தூரத்து வலையடியில், மழைத்திரைக்கு அங்காலே, இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கு இங்கே நடந்தது தெரியாது. மின்னலைக் கண்டிருப்பார்கள், மணி இல்லை, அதனால் நிற்கிறார்கள். இன்னொரு முழக்கம் உருண்டு போனது.

அவர் மகளிடம் கையை நீட்டினார்.

"திறப்பைத் தா பிள்ளை. மற்றப் பெடியள் நிக்கிறாங்கள்."

ஜெசிதா தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பாள். பட்டி வெட்டியபடிதான் இருக்கிறது, சங்கிலி அதே சங்கிலிதான், இருந்த இரண்டு பேரில் மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். அப்பா, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மணலைத் துழாவித் திறப்பை எடுத்து, சட்டையில் துடைத்து, அந்தக் கையில் வைத்தாள்.

கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு காத்துமணி. விடாமல், மூச்செடுக்காமல், ஐப்பசி மழையை ஊடறுத்துக்கொண்டு அடித்தது. ஜெசிதா தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கோபுரத்து உச்சியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். ஒவ்வொரு மின்னலுக்கும் அவளுடைய உடம்பு தூக்கிப் போட்டது. ஒன்றும் கோபுரத்தில் விழவில்லை. முதல் மணியிலேயே தூரத்து வலைக்காரர் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரையை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். மணி அடித்தால் வருவார்கள். அவ்வளவு சுகமான வேலை அது.

கடைசி ஆள் தண்ணீரால் ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டு, என்ன சனம் கூடி நிற்குது என்று கேட்டபடி வந்தான். காத்துமணி அத்தோடு நிற்கவேண்டும். நிற்கவில்லை. வேகம் மட்டும் குறைந்தது. ஒன்று அடித்து, விட்டு, இன்னொன்று அடித்து, விட்டு. சுரேஸ் தலையைக் குனிந்தான். யாருக்கு அடிக்கிறது என்று கரையில் ஒருவரும் கேட்கவில்லை.